இடம் மாறினாலும் பாடம் மாறாது

கணவர் பட்டாளத்தில் இருக்கிறார். மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. இந்தியா முழுவதும் இப்படிப்பட்ட குடும்பங்கள் பல உண்டு. அந்த ஆசிரியையின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

அடிக்கடி மாற்றல்

பட்டாளத்துக்காரர் ஒரே ஊரில் இருக்க முடியாது. சில வருடங்களுக்கு ஒரு முறை மாற்றல் வரும். இன்று பஞ்சாபில் பதான்கோட். அடுத்தது அசாமில் தேஜ்பூர். அதற்கு அடுத்தது ராஜஸ்தானில் ஜோத்பூர். ஒவ்வொரு முறையும் சாமான்களை டிரங்குப் பெட்டியில் அடுக்க வேண்டும். ரயிலில் இரண்டு மூன்று நாள் போக வேண்டும். புதிய ஊரில் பேச்சு வேறு. தண்ணீர் வேறு. சாப்பாடு வேறு.

சில இடங்களுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. சியாச்சின் பனிமலை அப்படிப்பட்ட இடம். 1984 முதல் நம் வீரர்கள் அங்கே காவல் இருக்கிறார்கள். கணவர் அப்படி ஓர் இடத்துக்குப் போனால், வீட்டுப் பொறுப்பு முழுவதும் மனைவிக்குத்தான். ரேஷன் வாங்குவதும் அவர்தான். காய்ச்சல் வந்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதும் அவர்தான். காலையில் பள்ளிக்கும் போக வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பு

முன்பு மாற்றல் வந்தால் பிள்ளைகளின் படிப்பு கெட்டுவிடும். புனேயில் மராத்தியில் படித்த பிள்ளை, பஞ்சாபில் போய் என்ன செய்யும்? எழுத்தும் வேறு, புத்தகமும் வேறு.

இதற்கு அரசு ஒரு வழி செய்தது. 1963இல் பட்டாளத்தார் நடத்திய 20 பள்ளிகளை மத்திய அரசு எடுத்துக்கொண்டது. இவைதான் பின்னர் கேந்திரிய வித்யாலயா ஆயின. எந்த மாநிலத்துக்குப் போனாலும் இந்தப் பள்ளிகளில் ஒரே பாடத்திட்டம். இன்று 1,200க்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ளன. 1983இல் ராணுவக் கல்விச் சங்கமும் தொடங்கியது. அது ராணுவப் பள்ளிகளை நடத்துகிறது. இந்தப் பள்ளிகளில் பட்டாளத்துக்காரர்களின் மனைவிமார் பலர் ஆசிரியைகளாக இருக்கிறார்கள்.

ஆசிரியையின் வேலை

பிள்ளைக்கு வழி பிறந்தது. ஆசிரியைக்கு?

நிரந்தர வேலையில் இருந்தால், கணவர் இருக்கும் ஊருக்கு மாற்றல் கேட்கலாம். அங்கே காலி இடம் இல்லை என்றால் கிடைக்காது. கணவர் ஓர் ஊரில், மனைவி ஓர் ஊரில் இருப்பார்கள்.

தற்காலிக வேலை என்றால் ஊரை விட்டதும் வேலையும் போய்விடும். புதிய ஊரில் மறுபடி மனுப் போட வேண்டும். மறுபடி நேர்முகத் தேர்வு. இருபது வருடம் பாடம் நடத்தியவரும் புதிதாக வந்தவர் போல நிற்க வேண்டும். வேலை துண்டு துண்டாகப் போவதால், கடைசியில் அவருக்கென்று பென்ஷன் இல்லாமலும் போகலாம். அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் அனுபவச் சான்றிதழ் வாங்கி, ஒரே ஃபைலில் பத்திரமாக வைக்கிறார்கள்.

ஜவான்கள் பலர் 40 வயதை ஒட்டியே ஓய்வு பெறுகிறார்கள். பிள்ளைகள் அப்போதும் படித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஆசிரியையின் சம்பளம்தான் குடும்பத்தைத் தாங்கும்.

சண்டைக் காலம்

1999 மே மாதம் முதல் ஜூலை வரை கார்கிலில் சண்டை நடந்தது. நம் வீரர்கள் 500 பேருக்கு மேல் உயிர் இழந்தார்கள். இப்படிப்பட்ட காலத்தில் ஆசிரியையின் கணவரும் எல்லையில் இருப்பார். வகுப்பில் உள்ள பிள்ளைகளின் அப்பாக்களும் எல்லையில் இருப்பார்கள். "அப்பா எப்போது வருவார்?" என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? அவருக்கே தெரியாதே! ஆனாலும் அழாமல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க வேண்டும். "அப்பாவுக்குக் கடிதம் எழுது" என்று சொல்லலாம்.

எல்லையில் இருப்பவருக்கு எழுதும் கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்காது. அவருடைய நம்பர், பெயர், படைப்பிரிவு இவற்றை எழுதி, கீழே '56 ஏ.பி.ஓ.' என்று எழுதுவார்கள். கிழக்குப் பகுதி என்றால் '99 ஏ.பி.ஓ.'. படை எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியக் கூடாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

எழுத்து தெரிந்தால்

எழுதப் படிக்கத் தெரியாத மனைவி என்ன செய்வாள்? கணவரின் கடிதத்தை அடுத்த வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். அடுத்தவர் படிக்கும் கடிதத்தில் மனதில் உள்ளதை எழுத முடியுமா? பக்கத்தில் ஓர் ஆசிரியை இருந்தால், அவரிடம் எழுத்துக் கற்றுக்கொள்ளலாம்.

எழுத்து கடிதத்துக்கு மட்டும் அல்ல. ராணுவப் பதிவேட்டில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் பெயரும் சரியாக இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பதிவேட்டில் வேறு பெயர் என்று இருந்தால், குடும்பப் பென்ஷன் வரத் தாமதம் ஆகும். கணவர் இருக்கும்போதே பார்த்துத் திருத்துவது நல்லது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இதற்கு உதவி கேட்கலாம்.

இடம் மாறும். வீடு மாறும். கற்ற எழுத்து கூடவே வரும்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் பட்டாளத்தில் இருப்பவர் யார்? அவர் வீட்டுப் பொறுப்பை யார் பார்க்கிறார்கள்?

2. கணவரின் வேலைக்காக மனைவி தன் வேலையை விட வேண்டி வருகிறது. இது சரியா? வேறு வழி உண்டா?

3. உங்கள் பெயர் ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் ஒன்று போல் இருக்கிறதா? எடுத்துப் படித்துப் பாருங்கள்.