65 வயதில் மாற்று சிறுநீரகம்! பலன் உண்டா?

"எனக்கு 68 வயது ஆகிறது. நான் வாழ்ந்து முடித்தவன். எனக்கு எதற்கு இன்னொருவர் சிறுநீரகம்? சின்னஞ்சிறுசுகளுக்குக் கொடுங்கள்!"

சிறுநீரகம் கெட்டுப்போன பெரியவர்கள் பலர் வீட்டில் இப்படித்தான் சொல்கிறார்கள். பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். "என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மனைவி அழுகிறார். பெரியவர் மசிவது இல்லை.

அவர் சொல்வது சரியா? வயதான உடம்பில் மாற்று சிறுநீரகம் வேலை செய்யுமா? செய்தால், எத்தனை காலம்?

டாக்டர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்து இருக்கிறார்கள்.

பத்துக் குடம் தண்ணீர்

விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக, நமக்கு இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. கிராமத்தில் "குண்டிக்காய்" என்பார்கள். பார்ப்பதற்குப் பெரிய அவரை விதை போல இருக்கும். ஒன்றின் எடை சுமார் 150 கிராம்.

இந்தச் சிறிய உறுப்புகள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்தில் இருந்து வடிக்கின்றன. குடத்தில் அளந்தால் பத்துக் குடத்துக்கு மேல்! அதில் ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியே போகிறது. மீதி நீர் திரும்பவும் ரத்தத்தில் சேர்ந்து விடுகிறது.

சர்க்கரை வியாதியும் ரத்தக் கொதிப்பும் இந்த வடிகட்டியைச் சத்தம் இல்லாமல் அரிக்கின்றன. காலும் முகமும் வீங்கி, சோறு இறங்காமல், மூச்சு வாங்கும்போதுதான் பலருக்கு விஷயம் தெரிகிறது. அதற்குள் வடிகட்டி பெரும்பாலும் போய் விடுகிறது.

அதன்பின் இரண்டே வழி. ஒன்று, எந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ். மற்றொன்று, மாற்று சிறுநீரகம்.

முதலில் பிழைத்தவர் ஒரு மூதாட்டி

ரத்தம் கழுவும் எந்திரத்தை வெற்றிகரமாகச் செய்து காட்டியவர் டாக்டர் வில்லெம் கோல்ஃப். 1943-ம் ஆண்டு, ஆலந்து என்று சொல்லப்படும் நெதர்லாந்து நாட்டில் கம்பன் என்ற ஊரில் அதைச் செய்தார். அது உலகப் போர் நடந்த காலம். எந்தப் பொருளும் கிடைக்காது. ஒரு மர உருளையைச் சுற்றி, இறைச்சி அடைக்கும் மெல்லிய உறையைக் குழாய் போலச் சுற்றினார். அதற்குள் ரத்தத்தை ஓட விட்டார்.

முதலில் சிகிச்சை பெற்றவர்கள் பிழைக்கவில்லை. 1945-ம் ஆண்டு நினைவு இழந்த நிலையில் ஒரு பெண்ணைக் கொண்டு வந்தார்கள். அவர் கண் விழித்தார்! அவருடைய சிறுநீரகமும் திரும்ப வேலை செய்யத் தொடங்கியது. அதன்பின் சில ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார்.

அவருக்கு அப்போது வயது 67.

செயற்கை சிறுநீரகம் முதலில் காப்பாற்றியது ஒரு மூதாட்டியைத்தான். ஆனால் பிறகு நடந்த கதை வேறு.

"45 தாண்டியவரா? இடம் இல்லை!"

1960-க்குப் பிறகு, சிறுநீரகம் அடியோடு கெட்டவர்களுக்கும் டயாலிசிஸ் செய்ய முடிந்தது. ஆனால் எந்திரங்களோ சில. நோயாளிகளோ ஏராளம். அமெரிக்காவில் சீயாட்டில் நகரில் யாருக்கு எந்திரம் கொடுப்பது என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி போட்டார்கள். யார் வாழ்வது, யார் சாவது என்று அந்தக் கமிட்டி உட்கார்ந்து பேசியது. 45 வயதைத் தாண்டியவர்களின் பெயர் அந்தக் கமிட்டி வரைக்கும்கூடப் போகவில்லை. வாசலிலேயே தள்ளி விட்டார்கள்.

மாற்று சிறுநீரகம் பொருத்தும் சிகிச்சையும் இளைஞர்களிடமே தொடங்கியது. 1954-ம் ஆண்டு டிசம்பர் 23-ந் தேதி, பாஸ்டன் நகரில், டாக்டர் ஜோசப் முர்ரே அந்த ஆபரேஷனைச் செய்தார். அண்ணன் தம்பி இருவரும் அச்சில் வார்த்தாற்போன்ற இரட்டையர். ஒருவர் கொடுத்தார். மற்றவர் வாங்கி 8 ஆண்டு வாழ்ந்தார். முர்ரேக்கு 1990-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1971-ம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை வெற்றி கண்டது.

முதியவர்களுக்கு இதைச் செய்ய டாக்டர்கள் வெகு காலம் தயங்கினார்கள். உடம்பு தாங்காது என்று பயம். அந்தப் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு இருந்த மருந்துகள் அப்படி.

6 ஆண்டா? 10 ஆண்டா?

1999-ம் ஆண்டு ஒரு பெரிய கணக்கு வெளிவந்தது. அமெரிக்காவில் மாற்று சிறுநீரகம் வேண்டிப் பெயர் பதிவு செய்து காத்திருந்த 46 ஆயிரம் பேரை அதில் எடுத்துக்கொண்டார்கள். இறந்தவரின் சிறுநீரகம் கிடைத்தவர்களையும், கிடைக்காமல் டயாலிசிசிலேயே இருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள்.

60 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு என்ன தெரிந்தது?

டயாலிசிசிலேயே காத்திருந்தால், இன்னும் சுமார் 6 ஆண்டு வாழலாம். மாற்று சிறுநீரகம் கிடைத்தால் சுமார் 10 ஆண்டு. அதாவது 4 ஆண்டு அதிகம். இளைஞர்களுக்கு இந்த லாபம் 17 ஆண்டு.

"4 ஆண்டுதானா?" என்று கேட்கலாம். 66 வயதில் கிடைக்கும் 4 ஆண்டு சிறிது அல்ல. பேத்தி கல்யாணம் அதற்குள் வந்து விடும்.

70 வயதைத் தாண்டியவர்களைப் பற்றி 2007-ம் ஆண்டு இன்னொரு கணக்கு வந்தது. அவர்களிலும், காத்திருந்தவர்களைவிட மாற்று சிறுநீரகம் பெற்றவர்களுக்குச் சாவு அபாயம் 41 சதவீதம் குறைவாக இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்கள் எல்லோரும் "ஆபரேஷனைத் தாங்குவார்கள்" என்று டாக்டர்கள் முன்பே தேர்ந்து எடுத்தவர்கள். இருதயம் கெட்டுப் படுக்கையில் கிடக்கும் முதியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஆயுள் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் 4 மணி நேரம். துணைக்கு ஒருவர் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். வீடு திரும்பினால் அன்று முழுவதும் அசதி. தாகம் எடுத்தாலும் அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் அது என்ன வேதனை என்று அவரைக் கேட்டால்தான் தெரியும். மாற்று சிறுநீரகம் நன்றாக ஓடினால் ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கலாம்!

முதல் இரண்டு வாரம்

ஆபத்து இல்லாமல் இல்லை. ஆபரேஷன் ஆன முதல் 2 வாரத்தில் சாவு அபாயம், காத்திருப்பவரைவிட ஏறக்குறைய 3 மடங்கு இருந்தது என்று அதே 1999-ம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. சில மாதங்கள் போனபிறகுதான் தராசு இந்தப் பக்கம் சாய்கிறது.

பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பது இல்லை. அவை அங்கேயே இருக்கும். புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து ரத்தக் குழாய்களோடு தைக்கிறார்கள்.

உடம்பு அதை "அன்னியப் பொருள்" என்று எதிர்க்கும். அந்த எதிர்ப்பை அடக்க நாள் தவறாமல் மருந்து சாப்பிட வேண்டும். முதியவர் உடம்பில் இந்த எதிர்ப்பு சற்றுக் குறைவு. அது நல்லதுதான். ஆனால் நோய்க் கிருமிகளை எதிர்க்கும் சக்தியும் குறைவு. இளைஞனுக்கு வந்து போகும் காய்ச்சல் முதியவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து விடும். மருந்தினால் சர்க்கரை ஏறுவதும் உண்டு.

பல முதியவர்களுக்குப் புதிய சிறுநீரகம் கடைசி வரை நன்றாகவே ஓடுகிறது. மாரடைப்பிலோ, கிருமியினாலோ ஆள் போய் விடுகிறார். ஆகவேதான் டாக்டர்கள் முதலில் இருதயத்தைச் சோதிக்கிறார்கள். நடக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். வேளைக்கு மருந்து எடுத்துக் கொடுக்க வீட்டில் ஆள் உண்டா என்றும் கேட்கிறார்கள். பிறந்த தேதியை மட்டும் பார்த்து முடிவு சொல்வது நல்ல டாக்டருக்கு அழகு இல்லை.

முதியவருக்கு முதியவர்

"சின்னஞ்சிறுசுகளுக்குக் கொடுங்கள்" என்றாரே பெரியவர், அதற்கு ஐரோப்பாவில் ஒரு வழி கண்டார்கள்.

65 வயதைத் தாண்டி இறந்தவரின் சிறுநீரகத்தை இளைஞருக்கு வைத்தால் அவருடைய நீண்ட ஆயுளுக்கு அது போதாது. பல சமயம் அது வீணாகப் போயிற்று. அதை ஏன் 65 வயதைத் தாண்டிய நோயாளிக்கே கொடுக்கக்கூடாது?

1999-ம் ஆண்டு ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து, பெல்ஜியம் முதலிய நாடுகள் சேர்ந்து இந்த ஏற்பாட்டைத் தொடங்கின. வயதான சிறுநீரகம் ஐசில் வெகு நேரம் தாங்காது. அதனால் திசுப் பொருத்தம் பார்த்து நேரத்தைக் கழிக்காமல், பக்கத்து ஊரில் காத்திருக்கும் முதியவருக்கு உடனே கொடுத்தார்கள். இளைஞர் பங்கு குறையவில்லை. முதியவர் காத்திருக்கும் காலமும் குறைந்தது.

யார் கொடுப்பது?

நம் நாட்டில் பெரும்பாலும் உயிரோடு இருக்கும் உறவினர்தான் கொடுக்கிறார். அப்படிக் கொடுப்பவர்களில் பெண்களே அதிகம். கணவனுக்கு மனைவி, மகனுக்குத் தாய். இதை ஆண்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

60 வயது மனைவி கொடுக்க முடியுமா? ரத்தக் கொதிப்பு, சர்க்கரை இல்லாமல், இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருந்தால் டாக்டர்கள் சம்மதிப்பது உண்டு. அவரையும் நோயாளியைப் போலவே தலை முதல் கால் வரை சோதிப்பார்கள். அவருக்குக் கேடு வரும் என்று தெரிந்தால் "வேண்டாம்" என்று சொல்லி விடுவார்கள்.

காசுக்கு வாங்குவதும் விற்பதும் 1994-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நெருங்கிய உறவினர் என்று அந்தச் சட்டம் சொன்னது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் மட்டுமே. 2011-ம் ஆண்டு அதைத் திருத்தினார்கள். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரையும் சேர்த்தார்கள். கொடுப்பவருக்கு 18 வயது நிரம்பி இருக்க வேண்டும்.

பேரன் கொடுக்க முன்வந்தாலும் வாங்க மாட்டேன் என்று பெரியவர் சொல்லலாம். அது அவர் உரிமை. ஆனால் "வயதாகி விட்டது, பலன் இல்லை" என்று அவர் காரணம் சொன்னால், டாக்டரை ஒரு முறை பார்த்து விட்டு வரச் சொல்லுங்கள்.