‘நாங்க செஞ்சோம்’ போதாது: பொறியியல் படிக்கப் போகிறவர்களுக்குத் தமிழ் வகுப்பில் ஒரு பயிற்சி

பண்டார் பாருவில் இருக்கும் நமக்குப் பொறியியல் தூரத்து விஷயம் இல்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாரிட் புந்தார். அதைத் தாண்டினால் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம். வடக்கே கூலிமில் 1996-இல் திறந்த உயர்தொழில்நுட்பப் பூங்காவும் ஒரு பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகளும் படிக்கப் போறாங்க. ஆனால் நேர்முகத் தேர்வில் மாட்டிக்கொள்ளும் இடத்தைப் பற்றி அவர்கள் திரும்பி வந்து சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: “டீச்சர், தெரியும், ஆனா சொல்ல வரல.”

இறுதியாண்டுத் திட்டத்தைப் பற்றிக் கேட்டால் “நாங்க ஒரு கருவி செஞ்சோம்” என்பார்கள். “அதுல நீங்க என்ன செஞ்சீங்க?” என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் மௌனம். ‘நான்’ என்று சொன்னால் தலைக்கனம் என்று வீட்டில் வளர்த்திருக்கிறோம், அது நல்ல வளர்ப்புதான். ஆனால் வேலை கொடுப்பவருக்கு அந்த ஒரு வாக்கியம் தேவைப்படுகிறது.

இது பல்கலைக்கழகத்தின் வேலை என்று விட்டுவிட முடியாது. மலேசியா 2009-இல் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் முழு உறுப்பினரானது. அதன்படி ஒரு பொறியியல் பட்டதாரியிடம் கணக்கும் வடிவமைப்பும் மட்டுமல்ல, குழுப்பணி, கருத்துப் பரிமாற்றம், தொழில்நெறி, வாழ்நாள் கற்றல் எல்லாமே எதிர்பார்க்கப்படுகின்றன. குறைந்தது 8 வாரத் தொழிற்பயிற்சியும் உண்டு. நாலு வருஷத்தில் இத்தனையும் புதிதாக முளைக்காது. நான்காம் படிவத்திலேயே விதை போடலாம், அதுவும் பிள்ளைகள் பயமில்லாமல் பேசுகிற தமிழ் வகுப்பில்.

தொழிற்சாலைகளில் ‘ஐந்து ஏன்’ என்றொரு முறை உண்டு. ஜப்பானின் டொயோட்டாவில் வளர்ந்தது. ஒரு கோளாறைப் பார்த்ததும் ஏன், ஏன் என்று தொடர்ந்து கேட்டு மூலக் காரணத்துக்குப் போவார்கள். இதை அப்படியே வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். கேன்டீன் பக்கம் மழைத்தண்ணி தேங்குதா? ஏன்? கால்வாய் அடைபட்டிருக்கு. ஏன்? பிளாஸ்டிக் பை போய் விழுந்திருக்கு. ஏன்? மேலிருந்த கம்பி வலை இல்லை. ஏன்? உடைஞ்சதும் மாத்தல. ஏன்? உடைஞ்சதை யாரிடம் சொல்லணும்னு யாருக்கும் தெரியல. “பசங்க குப்பை போடுறாங்க” என்று இரண்டாவது ஏன்-லேயே நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். குற்றம் சொல்ல ஆள் கிடைத்ததும் யோசனை நின்றுவிடும். அங்கே நாம் விடாமல் இன்னொரு ஏன் கேட்க வேண்டும்.

நாலு பேர் கொண்ட குழு விசாரிக்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் பேச வேண்டும். முதல் வாக்கியம் “இதில் நான் செய்தது…” என்றே தொடங்க வேண்டும். யாரைக் கேட்டார், எதை அளந்தார், எதில் குழுவோடு உடன்படவில்லை என்று சொல்லட்டும். அடுத்த நாள் அரைப்பக்க அறிக்கை. தன்வினை, பிறவினைப் பாடத்தை இங்கேயே நடத்தலாம்: “வலை கழன்றது” என்பதற்கும் “வலையைக் கழற்றினார்கள்” என்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு விபத்து அறிக்கையில் எவ்வளவு பெரியது என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

நேர்முகத் தேர்வு தமிழிலா நடக்குது என்று கேட்பீர்கள். இல்லைதான். ஆங்கிலமும் மலாயும் கட்டாயம் வேண்டும். ஆனால் எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்ற வரிசை தமிழில் பழகினால் மற்ற மொழிக்குப் போகும்போது சொற்களைத் தேடினால் போதும். முடிந்தால் அதே வாரம் ஆங்கில ஆசிரியரிடம் பேசி, அதே இரண்டு நிமிடப் பேச்சை அவர் வகுப்பிலும் செய்யச் சொல்லுங்கள்.

மூன்று பாடவேளை ஆகும். பேச்சையும் அறிக்கையையும் வகுப்புசார் மதிப்பீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.