முதல் நாள் வகுப்புல எந்தத் தமிழ்?

விருத்தாசலத்துல வளர்ந்த நான், சிங்கப்பூர்ப் பள்ளியில பயிற்சி ஆசிரியரா நின்ன முதல் நாள் எழுந்த கேள்வி இது: வகுப்புல எந்தத் தமிழ் பேசறது?

நான் படிச்சப்போ ‘வந்தாங்க’ன்னா, ‘வந்தார்கள்’னு திருத்துவாங்க. அங்க நிலைமை வேற. தமிழ் ஆட்சிமொழிதான், ஆனா மத்த பாடமெல்லாம் ஆங்கிலம். பல வீடுகள்லயும் ஆங்கிலம்தான். பேச்சு நின்னுட்டா, தமிழ் வெறும் பரீட்சைப் பாடமாயிடும். அதனாலதான் 2005-ல பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத் தமிழையும் கற்பிக்கப் பரிந்துரைத்தது. கொச்சை இல்ல, படிச்சவங்க பொதுவாப் பேசற தமிழ்.

எங்க ஊர் பீங்கான் பட்டறையில, அச்சுல ஊத்துன களிமண் கூழ் இறுகிக் காய்ஞ்ச பிறகுதான் சூளைக்குப் போகும். மொழியும் அப்படித்தான்: பேச்சு முதல்ல, எழுத்து பிறகு.

முதல் நாளே இலக்கணத்தைத் தொடாதீங்க. ‘காலைல என்ன சாப்பிட்டே?’ன்னு கேளுங்க. ‘தோசை சாப்பிட்டேன்’னு பதில் வந்தா, பாடம் ஆரம்பிச்சாச்சு.