பில்லியன் என்னும் எண்ணுப்பெயர்

ஆங்கில நூல்களைத் தமிழாக்குவார் பில்லியன் என்னும் எண்ணுப்பெயரை நூறு கோடி எனப் பெயர்த்து மேற்செல்வர். இன்றைய நூல்களுக்கு அது பொருந்தும். 1974-க்கு முன் இங்கிலாந்தில் எழுந்த நூல்களுக்கோ பெரும்பாலும் பொருந்தாது. அங்கு அச்சொல் இலட்சம் கோடியையே குறித்து நின்றது. இரண்டற்கும் இடையே ஆயிர மடங்கு வேற்றுமை உண்டு.

இச்சொல் பிரெஞ்சு மொழியிற் பிறந்தது. நிக்கொலா சுக்கே என்னும் கணித அறிஞர் 1484-இல் இயற்றிய நூலில், பத்து இலட்சத்தைப் பத்து இலட்சத்தாற் பெருக்கிய தொகைக்கு இப்பெயரை வழங்கினார். 'பி' என்பது இரண்டெனப் பொருள்படும் இலத்தீன் முன்னொட்டு. இரண்டு மில்லியன்களின் பெருக்கம் பில்லியன். மூன்றன் பெருக்கம் டிரில்லியன். பெயரும் பொருளும் இயைந்த அழகிய அமைப்பு இது. பிற்காலப் பிரெஞ்சுக்காரர் இவ்வியைபைப் பொருட்படுத்தாது ஆயிரம் மில்லியனையே பில்லியன் என்றனர். அமெரிக்கர் அதனை மேற்கொண்டனர். ஆங்கிலேயர் பழம்பொருளைப் போற்றினர். வியப்பு யாதெனின், பிரான்சு 1961-இல் பழம்பொருளுக்கே சட்டத்தால் மீண்டது. இங்கிலாந்தோ, 1974 திசம்பரில் பிரதமர் அரால்டு வில்சன் பாராளுமன்றத்தில் அளித்த விடையின்படி, அமெரிக்க வழக்கை அரசின் வழக்காகக் கொண்டது. பொருளியல் எழுத்தாளர் சிலர் அதற்கு முன்னரே அவ்வழக்கைத் தழுவியிருந்தனர். ஆதலின் ஆண்டு ஒன்றையே கொண்டு பொருள் துணிதல் இயலாது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் ஏறத்தாழ 25 இலட்சம் கோடி மைல் தொலைவில் உள்ளது. பழைய ஆங்கில வழக்கில் இது 25 பில்லியன். அமெரிக்க வழக்கில் 25 டிரில்லியன். முன்னதைக் கண்டு '2,500 கோடி மைல்' எனப் பெயர்ப்பின், அவ்விண்மீன் புளூட்டோவின் சராசரித் தொலைவைப் போல் ஏழு மடங்கிற்குள்ளேயே வந்து நிற்கும்! பிழை மொழிநடையில் தோன்றாது. நூலாசிரியரே அறியாதார் ஆவர்.

ஆகவே பெயர்ப்பார் நூல் தோன்றிய நாட்டையும் ஆண்டையும் நோக்கி, பின்னர் அந்நூலிலேயே அத்தொகை இலக்கத்தால் எழுதப்பட்டுள்ளதா எனத் தேடல் வேண்டும். சுழிகளை எண்ணிவிடின் ஐயம் இல்லை. நம் ஆம்பல், வெள்ளம், தாமரை என்னும் பேரெண்களின் மதிப்பை ஒருதலையாகத் துணிய இயலாது இடர்ப்படுவார்க்கு இதன் அருமை புலனாகும். பில்லியன் எனச் சொல்லையே ஒலிபெயர்த்து நிறுத்துவதும் தீர்வன்று. ஐயத்தைப் படிப்பவர்பால் தள்ளிவிடுதலே அது. செருமானிய மூலமாயின் இன்றும் பில்லியன் இலட்சம் கோடியே; நூறு கோடியை அவர்கள் மில்லியார்டு என்பர்.