‘டாட்ஜி’ என்றால் என்ன? பிரிட்டிஷ் நண்பர் அப்படிச் சொன்னால் ஏன் கவனிக்கணும்?

பிரீமியர் லீக் ஆட்டங்களை ஆங்கில வர்ணனையோடு பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தச் சொல் உங்கள் காதில் விழுந்திருக்கும். நடுவர் கொடுத்த பெனால்டி சந்தேகமாக இருக்கிறதா? அது ‘டாட்ஜி’. கோல்கீப்பர் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டாரா? அவரும் ‘டாட்ஜி’.

அகராதியைப் பார்த்தால் நேர்மையற்ற, நம்பமுடியாத, ஆபத்தான, தரமில்லாத என்று பொருள்கள் வரிசையாக வரும். குழப்பம்தான் மிஞ்சும். நம்ம பேச்சில் சொன்னால் ரொம்ப எளிது: “என்னமோ சரியில்லையே!” அந்த உணர்வுதான் டாட்ஜி.

இதன் வேர் ‘டாட்ஜ்’ என்ற வினைச்சொல். முகத்துக்கு நேரே வரும் பந்திலிருந்து சட்டென்று ஒதுங்குவதும் டாட்ஜ், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவுவதும் டாட்ஜ். சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘ஆலிவர் டுவிஸ்ட்’ நாவலில் பிக்பாக்கெட் அடிக்கும் பையனுக்கு ‘ஆர்ட்ஃபுல் டாட்ஜர்’ என்று பட்டப்பெயர். பொருட்காட்சிகளில் மோதி விளையாடும் குட்டி கார்களைக்கூட பிரிட்டனில் ‘டாட்ஜம்ஸ்’ என்பார்கள். ஒதுங்கி ஓட்டணும் என்று வைத்த பெயர், ஆனால் யார் ஒதுங்குகிறார்கள்?

பயன்படுத்தும்போது ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பொருளைப் பற்றிச் சொன்னால் இது சாதாரணக் குறை. டாட்ஜி முட்டி என்றால் அடிக்கடி வலிக்கும் முட்டி. டாட்ஜி வைஃபை என்றால் விட்டு விட்டு வரும் இணைப்பு. டாட்ஜி கறி சாப்பிட்டேன் என்றால், மறுநாள் வயிறு என்ன பாடுபட்டது என்று கேட்க வேண்டியதில்லை. ஆட்டக்காரரின் திறமையைச் சொல்வதும் கிட்டத்தட்ட இதே கணக்கில்தான் வரும். ஆனால் ஒருவருடைய குணத்தையோ பண விவகாரத்தையோ டாட்ஜி என்றால், “இவன் தில்லுமுல்லு பண்றவன்” என்று அர்த்தம். குற்றச்சாட்டு!

2016 ஏப்ரலில் பனாமா ஆவணங்கள் வெளியான சமயம். அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் தம் குடும்பத்தின் முதலீடு, வரி பற்றி நாடாளுமன்றத்தில் விளக்கம் தந்தார். தொழிற்கட்சி உறுப்பினர் டெனிஸ் ஸ்கின்னர் அவரை ‘டாட்ஜி டேவ்’ என்றார். சொல்லைத் திரும்பப் பெறும்படி சபாநாயகர் கேட்டார். ஸ்கின்னர் மறுத்து, அதையே மறுபடியும் சொன்னார். அன்று முழுவதும் அவையிலிருந்து வெளியேற்றப்பட்டார். சக உறுப்பினரை நேர்மையற்றவர் என்று அங்கே சொல்லக்கூடாது என்பது விதி.

அதைவிடப் பெரிய கதை 2003 பிப்ரவரியில் நடந்தது. ஈராக் பற்றி டோனி பிளேர் அரசாங்கம் ஓர் ஆவணம் வெளியிட்டது. அதன் பெரும்பகுதி ஒரு முதுநிலை மாணவரின் கட்டுரை உள்ளிட்ட வெளியீடுகளிலிருந்து, பெயர்கூடக் குறிப்பிடாமல், எழுத்துப்பிழைகளோடு நகல் எடுக்கப்பட்டது என்று தெரியவந்தது. அடுத்த மாதமே போர் தொடங்கியது. அந்த ஆவணத்துக்கு ஒட்டிக்கொண்ட பெயர் ‘டாட்ஜி டோசியே’. 2002 செப்டம்பரில் வந்த ஆவணத்தோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு வேறு.

அமெரிக்கர்கள் ‘ஷேடி’ என்பது இதற்கு நெருக்கமான சொல். ஆனால் முட்டியை யாரும் ‘ஷேடி’ என்று சொல்வதில்லை.

நண்பர்களோடு தாராளமாகப் பேசலாம். வேலை விண்ணப்பத்திலோ அலுவலக மின்னஞ்சலிலோ வேண்டாம், அதுவும் சக ஊழியரைப் பற்றி என்றால் கண்டிப்பா வேண்டாம்.

பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். அங்கே பலர் பெரிய எச்சரிக்கையையும் சின்னக் குரலில்தான் சொல்வார்கள். வாடகை அறைக்கான விளம்பரத்தைக் காட்டுகிறீர்கள். நேரில் பார்ப்பதற்கு முன்பே முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் நண்பர், “கொஞ்சம் டாட்ஜியா இருக்கே” என்கிறார். அந்தக் ‘கொஞ்சம்’ நிஜத்தில் கொஞ்சம் இல்லை. பணத்தை அனுப்பாதீங்க.