சோழகத்துக்குக் கிழக்கு, வாடைக்குத் தெற்கு

“அப்பா, இந்த யூலை விடுமுறைக்கு இலங்கைக்குப் போவமா? அங்க நல்ல அலை வருமாம். என்ர வகுப்புப் பெடியன் ஒருத்தன் போய் சேர்ஃபிங் செய்துபோட்டு வந்தவன்.”

இரவுச் சாப்பாட்டு மேசையில் மகன் இப்படிக் கேட்டதும் மனைவி என் முகத்தைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் கடல் என்றால் இரண்டு நினைவுகள்தான் முன்னுக்கு வரும். ஒன்று, இரவோடிரவாகப் படகேறிய நாள். மற்றது 2004 டிசெம்பர் 26. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைக்குக் கடல் விளையாட்டு இடம். வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். நான் திருப்பிக் கேட்டேன்: “எந்தக் கரைக்கு?”

“இலங்கைக்குத்தானே அப்பா” என்று அவன் விழித்தான்.

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ரிக்கற் வாங்கினால் என்ன நடக்கும் என்பதை எங்கள் குடும்பம் ஒருமுறை அனுபவித்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் என் தமக்கையின் மகன் யூலை மாதத்தில் ஹிக்கடுவைக்குப் போனான். படத்தில் கண்ட நீலக் கடல் அங்கே இல்லை. கலங்கிய தண்ணீர், கரையை அறையும் அலை, இடையிடையே மழை. நாலு நாள் அறைக்குள் இருந்தவன், ஐந்தாம் நாள் பொறுமை இழந்து பலகையோடு இறங்கினான். நீரோட்டம் அவனை வெளியே இழுத்துவிட்டது. பலகையைக் கைவிடாமல் பிடித்திருந்ததால், கரையில் நின்ற மீனவர்கள் கண்டு மீட்டார்கள். தமக்கை இதை இன்றும் அழாமல் சொல்ல மாட்டார்.

ஆகவே, பிள்ளைகள் அலைச்சறுக்குக்குப் போக ஆசைப்படும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். “எந்த மாதம் நல்லது?” என்பது தவறான கேள்வி. எங்கள் விடுமுறை மாதத்தைப் பள்ளிக்கூடமும் வேலைத்தலமும் முதலே தீர்மானித்துவிடுகின்றன. “எங்களுக்குக் கிடைத்த மாதத்தில் எந்தக் கரை நல்லது?” என்பதே சரியான கேள்வி.

காற்றின் கணக்கு

இதற்கான விடை எங்கள் பெற்றோருக்கு மனப்பாடம். சோழகம், கச்சான், வாடை, கொண்டல் என்று நாலு திசைக் காற்றுக்கும் பெயர் வைத்தவர்கள் அவர்கள்.

மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும். அது கொழும்பு, காலி, ஹிக்கடுவப் பக்கங்களில் கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கிறது. அதனால் அங்கே கடல் குழம்பும். அலை உருக்குலைந்து நொறுங்கும். அதே காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வரண்ட காற்றாகக் கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்பார் கச்சான் என்று சொல்லும் அனல் காற்று இதுதான். கிழக்குக் கரையில் இது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அப்படி எதிரே தள்ளும் காற்று, வரும் அலையை உடனே உடையவிடாமல் நிமிர்த்திப் பிடிக்கிறது. சறுக்குகிறவர்கள் தேடுவது இந்த அலையைத்தான்.

அலை பிறக்கும் இடம் வேறு. இந்து சமுத்திரத்தின் தென்கோடியில், அங்கே குளிர்காலமாக இருக்கும் யூன், யூலை, ஓகஸ்ட் மாதங்களில் எழும் புயல்கள்தான் பெரிய அலைகளை அனுப்புகின்றன. அவை பல நாட்கள் பயணம் செய்து இலங்கையின் தென்முனையைச் சுற்றிக் கிழக்கே திரும்புகின்றன.

டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை காற்று மாறி வடகிழக்கிலிருந்து வரும். யாழ்ப்பாணத்தில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றும் காலம் அது. அப்போது கிழக்குக் கரையில் மழையும் கொந்தளிப்பும். தெற்கிலும் தென்மேற்கிலுமோ காற்று நிலத்தைக் கடந்து வருவதால் கடல் ஒழுங்காக இருக்கும்.

மீனவர்கள் இதை எப்போதோ கணக்குப் போட்டுவிட்டார்கள். சோழகம் தொடங்கினால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்கே வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வது நெடுங்கால வழக்கம். அதனால் எழுந்த தகராறுகள் வேறு கதை. ஆனால் காற்றைப் பார்த்துக் கரையை மாற்று என்ற பாடம் அங்கே இருக்கிறது.

எந்த விடுமுறைக்கு எந்தக் கரை

யூலை, ஓகஸ்ட் கோடை விடுமுறை என்றால் கிழக்கு. அம்பாறை மாவட்டத்தில் பொத்துவிலுக்குப் பக்கத்தில் உள்ள அறுகம்குடாதான் பெயர் பெற்ற இடம். மே மாதத்தில் தொடங்கி செப்ரெம்பர் கடைசி வரை அங்கே அலை வரும். யூலை, ஓகஸ்டில் சனம் அதிகம், செப்ரெம்பரில் குறையும். சுனாமியில் பெரிதும் அழிந்த ஊர் இது. திரும்ப எழுந்து, 2019இல் சர்வதேசப் போட்டி ஒன்றையும் நடத்தியது. 2018இல் உள்ளூர்ப் பெண்கள் தங்களுக்கென ஒரு சறுக்குக் கழகமும் தொடங்கினார்கள். விமான நிலையத்திலிருந்து வானில் ஏழெட்டு மணிநேரமாவது ஓட வேண்டும் என்பதால் முதல் நாளில் வேறெதையும் வைக்காதீர்கள்.

தெற்கே பாணமை தாண்டிப் போனால் உகந்தைமலை முருகன் கோயில். ஆடி மாதக் கதிர்காம உற்சவத்துக்குப் பாதயாத்திரை போகும் அடியார்கள் இங்கே கும்பிட்டுவிட்டுத்தான் குமண காட்டுக்குள் இறங்குவார்கள். இந்தக் கோயிலை அண்டிய கரையிலும் நல்ல அலை உண்டு. மகன் சறுக்கட்டும், அம்மம்மா கும்பிடட்டும். ஆனால் அந்த வழியில் யானைகள் நடமாடும். பொழுது சாய்ந்தபின் பயணம் வேண்டாம்.

நத்தார் விடுமுறை என்றால் தெற்கு. வெலிகம, மிதிகம, மிரிஸ்ஸ, ஹிக்கடுவ ஆகிய இடங்களில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். அந்த மாதங்களில் கிழக்கை நினைக்கவே வேண்டாம். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பை அழித்த சூறாவளியை ஊர்க்காரர் மறக்கவில்லை.

ஏப்ரலும் ஒக்ரோபரும் காற்று மாறும் மாதங்கள். ஏப்ரலில் தெற்கு இன்னும் தாங்கும். பின்னேரங்களில் இடியோடு மழை வரும். ஒக்ரோபரில் எந்தக் கரையையும் நம்பி ரிக்கற் வாங்காமல் விடுவது நல்லது.

கடலில் இறங்குமுன்

புதிதாகப் பழகும் பிள்ளைக்கு வெலிகம விரிகுடா ஏற்றது. அடி மணலாக இருக்கும். அறுகம்குடாவின் பிரதான முனையில் அடியில் பாறை. பழகாதவர்கள் பயிற்றுநரோடு உட்பக்கத்துச் சிறிய அலையில் தொடங்க வேண்டும். இரண்டு கரையிலும் காலை வேளைதான் சிறந்தது.

நீரோட்டம் இழுத்தால் கரையை நேரே நோக்கி நீந்திக் களைக்கக் கூடாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவையிலிருந்து வெளியேறிய பின்பே கரைக்குத் திரும்ப வேண்டும். பலகையைக் கைவிடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறங்குமுன் கரையில் நிற்கும் மீனவரிடம் “இண்டைக்குக் கடல் எப்படி?” என்று கேட்கச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைக்குத் தமிழ் தெரிந்திருப்பதால் கிழக்கில் கிடைக்கும் பெரிய நன்மை இது.

ரிக்கற்றுக்கு முன் கடதாசி

புதிதாக வந்த குடும்பங்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அகதி அந்தஸ்தோடு இருப்பவர் தன் சொந்த நாட்டின் கடவுச்சீட்டைப் புதுப்பிப்பதும், அங்கே போய்வருவதும் ‘இவருக்கு இனிப் பாதுகாப்புத் தேவையில்லை’ என்ற முடிவுக்கு இடம்கொடுக்கலாம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. கனடாவில் 2012இல் வந்த சட்டமாற்றத்தின் பின், இப்படி அகதி அந்தஸ்தை இழப்பவர் நிரந்தர வதிவிடத்தையும் சேர்த்து இழக்க நேரலாம். ஆகவே குடியுரிமை கிடைக்கும்வரை பொறுங்கள். அல்லது சட்டத்தரணியைக் கேட்டபின் முடிவெடுங்கள். இரண்டு கிழமைச் சந்தோசத்துக்காக இத்தனை வருடக் காத்திருப்பைப் பணயம் வைக்க முடியாது.

அதுவரை பிள்ளையின் ஆசையைத் தள்ளிப்போட மனமில்லையென்றால் வேறு நாட்டிலும் இதே கணக்குச் செல்லும். இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஏப்ரல் முதல் ஒக்ரோபர் வரை தென்கிழக்குக் காற்று; அப்போது மேற்குக் கரை. நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், காற்று எதிர்ப்பக்கம். அப்போது கிழக்குக் கரை. அங்கேயும் முதலில் உங்கள் பயணப் பத்திரத்துக்கு விசா கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது. ஓகஸ்ட் முதல் வாரத்துக்கு அறுகம்குடா என்று முடிவு செய்திருக்கிறோம். மகன் சுவரில் ஒரு இலங்கைப் படம் ஒட்டி, காற்று வரும் திசைகளை அம்புக்குறியாகக் கீறியிருக்கிறான். போன கிழமை அதன் பக்கத்தில் தமிழில் எழுதச் சொன்னேன். கச்சான் என்பதில் பிழைவிட்டான், திருத்திக் கொடுத்தேன். மனைவி இன்னும் அரைமனதுதான். அவன் தண்ணீரில் நிற்கும் நேரமெல்லாம் தான் கரையில் நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.