மகளின் கணினிப் பாடத்துக்கு எந்தக் கருவி?



மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த நமது ஊர்களில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள் பலர். இம்மாதங்களில் கணினி மொழியொன்றை வீட்டிலிருந்தே கற்க ஆசைப்படும் மகளுக்கு நல்லதொரு வாய்ப்பு உண்டு. சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர்கள் மாதவன் முகுந்த், எஸ்.பி. சுரேஷ் இருவரும் ஹாஸ்கெல் என்ற மொழியைக் கற்பித்த ஆங்கில விரிவுரைகள், இந்தியாவின் என்.பி.டி.இ.எல். திட்டத்தில் வீடியோவாக உள்ளன. இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

ஹாஸ்கெல் ஒரு 'சார்பு நிரலாக்க' மொழி. சார்பு என்பது பிள்ளை கணித வகுப்பில் படித்ததுதான். ஓர் எண்ணைக் கொடுத்தால் அதற்குரிய விடையைத் தரும். அதே எண்ணை எத்தனை முறை கொடுத்தாலும் விடை மாறாது. இத்தகைய சிறு சார்புகளை ஒன்றோடொன்று கோத்துப் பெரிய நிரலை அமைப்பதே இம்முறை. ஆகவே ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துச் சோதித்துப் பார்க்க முடிகிறது.

அப்படிச் சோதிக்க உதவுவதே 'இன்டர்பிரிட்டர்' எனும் மென்பொருள். ஒரு வரியைத் தட்டினால் அடுத்த வரியிலே விடை சொல்லும். பிள்ளை ஓதும்போது பிழை விட்டால் உஸ்தாத் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துகிறார். பாடம் முடிந்தபின் சொன்னால் எங்கே பிழைத்தோம் என்பது பிள்ளைக்கு விளங்காது. இதுவும் அப்படியே.

சரி, எதைத் தேர்வது?

பழைய பாடக்குறிப்புகள் சில 'ஹக்ஸ்' என்பதைச் சொல்லும். சிறியது, ஒரு காலத்தில் மாணவர் விரும்பியது. ஆனால் அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2006இல். அதற்குப்பின் மொழி வளர்ந்துவிட்டது. இன்றைய உதாரணத்தை அதில் இட்டால், சரியாக எழுதியதும் பிழையென்று வரக்கூடும்.

இன்று பொருத்தமானது ஜீ.எச்.சீ.ஐ. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஹாஸ்கெல் மென்பொருளோடு சேர்ந்தே வருவது, இலவசம், இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு சார்பு எதை வாங்கி எதைத் தரும் என்று கேட்டாலும் சொல்லும். குறைகளும் உண்டு. பதிவிறக்கம் பெரியது, டேட்டா பார்த்துச் செய்ய வேண்டும். பிழைச் செய்திகள் நீளமானவை. முதலில் வரி எண்ணையும், 'இங்கே எண் வேண்டும், வந்ததோ எழுத்து' என்பது போன்ற சாரத்தையும் தேடிப் படிக்க மகள் பழகட்டும்.

ஹாஸ்கெல் பாடத்தைப் பின்பற்றாமல் முறையை மட்டும் அறிய விரும்பினால், ரெக்கட் என்ற வேறொரு மொழிக்குரிய 'டொக்டர் ரெக்கட்' நல்லது. மாணவரை மனதிற்கொண்டு ஆக்கப்பட்டது. மேற்பகுதியில் எழுதிக் கீழ்ப்பகுதியில் சோதிக்கலாம். பிழை நேர்ந்த இடத்தை நிறமிட்டுக் காட்டும்.

தாய்மாரே! வீட்டில் தனியே கற்கும் பிள்ளைக்குத் திரையே ஆசிரியர். பழைய கருவியின் குறையைத் தன் குறையென எண்ணி, 'எனக்கு இது வராது' என்று விட்டுவிட இடமுண்டு. ஆகவே நிறுவுமுன் மகளிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பாடம் எந்த மொழியில்? கருவியின் கடைசிப் பதிப்பு எந்த ஆண்டு? பிழை எங்கே என்று அது சொல்லுமா? கணினியைத் தொட்டறியாத உம்மாவும் இம்மூன்றையும் கேட்கலாம்.